புதுப் பேனலுக்குக் காசு கொடுக்கும் முன் பழைய பேனலைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய ஆலைகளின் ஆட்டோமேஷன் பற்றி உங்கள் தொழில் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய கன்ட்ரோல் பேனல்களில் இடம் தீர்ந்துவிடுகிறது, கூடுதலாக ஒரு சென்சார் போடக்கூட வழியில்லை, ஆகவே மொத்தமாக மாற்றிவிடுவதே லாபம் என்று அதில் ஆலோசனை சொல்லப்பட்டிருந்தது. நானும் என் கணவரும் சேலம் அம்மாபேட்டையில் பேனல் வயரிங் பட்டறை நடத்துகிறோம். ஆலைக்காரர்கள் புதுப் பேனல் வாங்கினால் எங்களுக்குத்தான் வேலை. அப்படியிருந்தும் எழுதுகிறேன். இடம் தீர்ந்துவிட்டதாகச் சொல்லப்படும் பல பேனல்களில் இடம் தீரவே இல்லை. எது காலி என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த வேலையில் இல்லாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோல் பேனல் என்பது மெஷின்களின் மின்சாதனங்களை வைத்திருக்கும் அலமாரி. அதற்குள் இருந்து மெஷின்களை ஓட்டுகிற பி.எல்.சி. என்ற சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு இன்புட் பக்கம் சுவிட்ச், சென்சார்களிலிருந்து செய்தி வரும். அவுட்புட் பக்கத்திலிருந்து மோட்டார் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச்), வால்வு, விளக்குக்கு உத்தரவு போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனல் வேண்டும், பாயிண்ட் என்றும் சொல்வார்கள். ஒரு கார்டில் 8, 16, 32 என்று சேனல்கள் இருக்கும். பெரிய ஆலைகள் டெண்டர் போடும்போதே இத்தனை சதவீதம் ஸ்பேர், அதாவது காலி சேனல், இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். சிறிய ஆலைகளில் அந்தப் பேச்சே வராது. கார்டில் தானாக மிஞ்சுவதுதான் ஸ்பேர்.

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ பேக்டரி, அதாவது ஜவ்வரிசி ஆலை. மாவுப்பால் தொட்டி அடிக்கடி நிரம்பி வழிகிறது, மேலே ஒன்று கீழே ஒன்று லெவல் சென்சார் வைத்து, எச்சரிக்கை ஒலி எழுப்ப ஒரு ஹூட்டரும் போட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. இரண்டு இன்புட், ஓர் அவுட்புட், வேறொன்றுமில்லை. யாரோ வந்து பார்த்துவிட்டு, புது பி.எல்.சி., புது புரோகிராம் என்று கொட்டேஷன் கொடுத்துப் போயிருந்தார்கள். "எல்லா பாயிண்ட்டும் ஃபுல்லுங்கறாங்க. நீ ஒருக்கா வந்து பாரும்மா" என்று போன் செய்தார்.

கதவைத் திறந்ததும் அவர்கள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் தெரிந்தது. ஒயர்களை மாட்டும் டெர்மினல் வரிசையில் ஓட்டையே தெரியாத அளவுக்கு ஒயர்கள். ஒயர் இருந்தால் சேனல் உபயோகத்தில் இருக்கிறது என்பது கண் சொல்லும் கணக்கு. அதை நம்பவே கூடாது. அது மிட்சுபிஷி எஃப்.எக்ஸ். வகை பி.எல்.சி. லேப்டாப்பை மாட்டி, ஜி.எக்ஸ். ஒர்க்ஸ் மென்பொருளில் டிவைஸ் லிஸ்ட் எடுத்தேன். புரோகிராம் எந்தெந்த இன்புட்டைத் தொடுகிறது, எதைத் தொடவில்லை என்று அது வரிசையாகக் காட்டிவிடும். இதில் இன்புட்டுக்கு எக்ஸ், அவுட்புட்டுக்கு ஒய் என்று பெயர். எக்ஸ்24, எக்ஸ்25, எக்ஸ்26 மூன்றையும் புரோகிராமில் எங்கேயும் காணோம்.

(இந்த வகையில் எண்கள் எட்டின் கணக்கில் போகும். எக்ஸ்7-க்கு அடுத்தது எக்ஸ்10. புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எக்ஸ்8, எக்ஸ்9 காலியாக இருக்கிறது என்று ஓடிவருவார்கள். அப்படியொரு சேனலே கிடையாது தம்பி என்று சொல்லி அனுப்புவோம்.)

புரோகிராமில் இல்லாத அந்த மூன்றுக்கும் டெர்மினலில் ஒயர் இருந்தது. ஒயர் முனையில் மாட்டியிருக்கும் பெரூல் நம்பரைப் பிடித்துக்கொண்டு கேபிள் டிரே வழியாக நடந்தால், சுவரோரம் டேப் சுற்றி மடக்கி வைத்த மூன்று முனைகள். "அங்க முன்னாடி ஒரு சல்லடை மெஷின் இருந்துச்சுக்கா, அத வித்தாச்சு" என்றார் ஃபிட்டர். மெஷினை விற்றார்கள், புரோகிராமிலிருந்து அதன் வரிகளையும் எடுத்தார்கள், ஒயரை மட்டும் யாரும் உருவவில்லை. அந்த மூன்றில் இரண்டு போதும். ஆனால் புது சென்சார் வாங்கும்போது ஏற்கெனவே இருப்பவை பி.என்.பி.யா (பிளஸைத் தருவது), என்.பி.என்.னா (மைனஸைத் தருவது) என்று பார்த்து அதே வகைதான் வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியில் எல்லா இன்புட்டுக்கும் பொதுவான இணைப்பு ஒன்றுதான்.

அவுட்புட் அவ்வளவு லேசில் அமையவில்லை. ஒய்15 புரோகிராமிலும் இல்லை, ஒயரும் இல்லை. பார்த்தால் சுத்தமான காலி. ஆனால் அவுட்புட்கள் நான்கு நான்காக ஒரே காமனில், அதாவது பொது இணைப்பில், சேர்ந்திருக்கின்றன. அந்தக் குழுவின் காமனுக்கு 230 வோல்ட் போகிறது, கான்டாக்டர்களுக்காக. அவர் வாங்கி வைத்திருந்த ஹூட்டரோ 24 வோல்ட். காலியாக இருக்கிறதே என்று நேராக மாட்டியிருந்தால் ஹூட்டர் அன்றைக்கே புகைந்திருக்கும். நடுவில் 230 வோல்ட் காயிலுள்ள ஒரு சின்ன ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டு, அதன் கான்டாக்ட் வழியாக ஹூட்டருக்கு 24 வோல்ட் கொடுத்தோம். புது பி.எல்.சி. கொட்டேஷன் எங்கே, ஒரு ரிலேயின் விலை எங்கே!

சேகோ பேக்டரி விஷயம் சுலபமான ரகம். சிக்கலானவை நூல் மில்களில் இருக்கின்றன. அங்கே சீமென்ஸ் எஸ்7-300 இன்னும் நிறைய ஓடுகிறது. ஸ்டெப் 7 மென்பொருளில் ரெஃபரன்ஸ் டேட்டா என்று ஒரு வசதி உண்டு. எந்த இன்புட், அவுட்புட், மெமரி பிட் (பி.எல்.சி.யின் நினைவகத்தில் ஆம், இல்லை என்று குறித்து வைக்கும் இடம்) உபயோகத்தில் இருக்கிறது என்று கட்டம் போட்டுக் காட்டும். பெயர் வைத்துவிட்டு எங்கும் உபயோகிக்காத சிம்பல்கள், பெயரே வைக்காமல் உபயோகிக்கும் முகவரிகள் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கும். நல்ல வசதிதான். அதை மட்டும் நம்பிக் கத்தரிக்கோலை எடுத்தால் மில் நின்றுவிடும்.

ஏனென்றால் சில புரோகிராமர்கள் ஒவ்வோர் இன்புட்டையும் தனித்தனியாகக் கூப்பிட மாட்டார்கள். 16 இன்புட்டையும் ஒரே வேர்டாக (16 பிட் சேர்ந்த ஒரு கட்டாக) அள்ளி மெமரியில் கொட்டிவிட்டு, அப்புறம் மெமரி பிட்டுகளை வைத்தே லாஜிக் எழுதுவார்கள். அப்போது குறிப்பிட்ட ஓர் இன்புட்டின் முகவரியைத் தேடினால் எங்கேயும் அகப்படாது, ஆனால் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். பாயிண்டர் வைத்து எழுதியிருந்தால் இன்னும் மோசம், முகவரியே ஓடும்போதுதான் உருவாகும். இதெல்லாம் போக, புரோகிராம் தொடாத ஓர் இன்புட்டை டச் ஸ்கிரீனோ ஸ்காடாவோ (ஆலையைக் கம்ப்யூட்டரிலிருந்து கண்காணிக்கும் மென்பொருள்) நேரடியாகப் படித்துக்கொண்டிருக்கும். பக்கத்து மெஷினின் பி.எல்.சி. மாட்பஸ் என்ற தகவல் இணைப்பு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே ஸ்கிரீன், ஸ்காடா இரண்டின் டேக் பட்டியலையும் (அவை படிக்கும் முகவரிகளின் பட்டியல்) எடுத்து, புரோகிராம் பட்டியலோடு வைத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

சிலர் இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று கார்டிலுள்ள விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். ஒரு ஷிப்ட் முழுக்க எரியாத விளக்கு என்றால் அந்த சேனல் சும்மா இருக்கிறதாம். நம் ஊர் சேகோ பேக்டரிகளில் இந்தக் கணக்கு கொஞ்சமும் ஆகாது. வெயில் இருக்கும் வரை ஜவ்வரிசியைக் களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். மழை பிடித்தால்தான் டிரையரை ஓட்டுவார்கள், அதுவும் டிரையர் வைத்திருப்பவர்கள். பங்குனி மாதம் வந்து நின்று பார்ப்பவருக்கு டிரையரின் சென்சார்கள் எல்லாம் செத்த சேனல்களாகத்தான் தெரியும். அவற்றைப் பிடுங்கி வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டால் ஐப்பசியில் தெரியும் சேதி.

ஏற்காட்டில் வேறு மாதிரி ஒரு விஷயம். மலைமேல் ஓர் எஸ்டேட்டின் தண்ணீர் பம்ப் பேனல். பட்டியல் ஒன்று கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது, அதுவே பெரிய விஷயம். அதில் நான்கு இன்புட்டுக்கு நேராக 'ஸ்பேர்' என்று எழுதியிருந்தது. புரோகிராமும் ஆமாம் என்றது. ஒயர் கிடையாது. மூன்றும் ஒத்துப்போனதால் மிதவை சுவிட்ச் ஒன்றை அதில் ஒன்றில் மாட்டினால், பி.எல்.சி. அசையவில்லை. கோடை மழையில் இடி விழும் இடம் அது. முன்பு எப்போதோ இடியில் அந்த சேனல்கள் போயிருக்கின்றன. வந்து பார்த்தவர் ஒயர்களை நல்ல சேனல்களுக்கு மாற்றி, புரோகிராமையும் திருத்தி, பட்டியலையும் ஒழுங்காகத் திருத்தியிருக்கிறார். காலியான இடத்தில் 'எரிந்துவிட்டது' என்று எழுதாமல் 'ஸ்பேர்' என்று எழுதிவிட்டார்.

அதனால் காலி என்று தெரிந்த பிறகும் சோதிக்காமல் கொடுக்க மாட்டோம். இன்புட் என்றால் வெளி ஒயர் இல்லாத நிலையில் டெர்மினலில் 24 வோல்ட்டை, என்.பி.என். இணைப்பு என்றால் 0 வோல்ட்டை, தொட்டுக் காட்டி, கார்டின் விளக்கு, லேப்டாப்பில் பிட் இரண்டும் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். சில கார்டுகளில் விளக்கு ஜோராக எரியும், பிட் மாறாது. ரிலே அவுட்புட்டில் விளக்கு எரிந்தும் உள்ளே கான்டாக்ட் கருகிப் போயிருக்கலாம், ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். மீட்டர் வைத்தால்தான் தெரியும். அவுட்புட்டை ஃபோர்ஸ் செய்து (புரோகிராமை மீறி லேப்டாப்பிலிருந்தே போட்டு) பார்ப்பதற்கு முன் மோட்டார் பவரை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓடுகிற மெஷினில் ஃபோர்ஸ் செய்து பார்ப்பவரை என் பட்டறையில் வேலைக்கு வைக்க மாட்டேன். ஃபோர்ஸை எடுக்காமலே லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பியவர்களின் கைவேலையையும் பார்த்திருக்கிறேன்.

ஆன், ஆஃப் என்றில்லாமல் வெப்பம், அழுத்தம் போன்ற அளவுகளைப் படிக்கும் அனலாக் கார்டுகளைப் பற்றி ஒன்று மட்டும். எஸ்7-300-இல் எட்டு சேனல் அனலாக் இன்புட் கார்டுகள் சிலவற்றின் பக்கவாட்டில் சின்னச் சின்னக் கட்டைகள் செருகியிருக்கும். ஏ, பி, சி, டி என்று நான்கு பக்கம் திருப்பிச் செருகலாம். தெர்மோகப்பிளா (வெப்பம் அளக்கும் சென்சார்), வோல்டேஜா, 4-20 மில்லியாம்பியரா என்பதை அதுதான் தீர்மானிக்கும். ஒரு கட்டை இரண்டு சேனலுக்குப் பொது. ஆகவே ஜோடியில் ஒன்றில் தெர்மோகப்பிள் ஓடிக்கொண்டிருந்தால், பக்கத்தில் காலியாக இருக்கும் சேனலில் 4-20 மில்லியாம்பியர் தரும் பிரஷர் டிரான்ஸ்மிட்டரை மாட்ட முடியாது. கட்டையைத் திருப்பினால் ஓடிக்கொண்டிருக்கும் டெம்பரேச்சர் தப்பாகிவிடும். காலி என்று பட்டியலில் இருக்கும், நமக்கு உதவாது.

இந்தத் தேடலில் எனக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம் வேறு. புரோகிராமில் ஓர் இன்புட் இருக்கும், கார்டில் விளக்கும் எரியும், ஆனால் வெளியே எந்த சென்சாரும் இருக்காது. கூர்ந்து பார்த்தால் 24 வோல்ட்டிலிருந்து விரல் நீள ஒயர் ஒன்று அந்த டெர்மினலுக்குப் போயிருக்கும். அது மெஷின் மூடியின் கதவு சுவிட்சாக இருக்க வேண்டிய இடம். சுவிட்ச் கெட்டது, மெஷின் நின்றது, இரவு ஷிப்டில் யாரோ லிங்க் போட்டு ஓட்டினார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்று பி.எல்.சி. நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த மெஷினில் கை விடுபவருக்கு இது தெரியாது. இப்படிப் பார்த்தால் நாங்களாக லிங்க்கைப் பிடுங்குவதில்லை, ஓடும் லைன் நின்று வேறு விபரீதம் வரும். முதலாளியிடம் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். ஒரு மில்லில், "உன்னை காலி பாயிண்ட் தேடத்தானே கூப்பிட்டோம்?" என்று கேட்டார்கள். கையெழுத்து வாங்காமல் நாங்கள் கிளம்பவில்லை.

எல்லாப் பழைய பேனலையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எஸ்7-300-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரோடு சீமென்ஸ் அதை வழக்கமான விற்பனையிலிருந்து விலக்கிவிட்டது, இனி உதிரிபாகமாகத்தான் வரும். பி.எல்.சி.யின் மூளையான சி.பி.யு. கிடைக்காத, ஒயர் தொட்டால் உதிர்கிற பேனலை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த முடிவை எடுப்பதற்கும் கையில் சரியான கணக்கு வேண்டும். மொத்தம் எத்தனை சேனல், எத்தனை உண்மையில் வேலை செய்கிறது என்று தெரியாமல் புதுப் பேனலுக்கு ஆர்டர் கொடுப்பவர், விற்றுப்போன சல்லடை மெஷினுக்கும் சேர்த்துக் கார்டு வாங்குகிறார்.

கணக்கு ஏன் இல்லை என்பதற்கு எங்கள் தொழிலைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். பேனல் கட்டிக் கொடுப்பவர்களில் பலர் புரோகிராமுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிடுகிறார்கள். டிராயிங் தருவதில்லை. ஐ.ஓ. லிஸ்ட், அதாவது எந்த இன்புட், அவுட்புட் சேனலில் எது மாட்டியிருக்கிறது என்ற பட்டியல், அவர்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். பாக்கிப் பணம் வரும்வரை பூட்டி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்களுக்கும் பணத்தை இழுத்தடித்தவர்கள் உண்டு. முழுப் பணமும் கொடுத்த பிறகும் தராமல் இருப்பது, வண்டியை விற்றுவிட்டு ஆர்.சி. புத்தகத்தை ஷோரூமிலேயே வைத்துக்கொள்வது போலத்தான். அடுத்த சென்சாருக்கும் அவர் நம்மிடமே வந்தாக வேண்டும் என்ற எண்ணம், வேறென்ன? பி.எல்.சி.யிலிருந்தே புரோகிராமை இறக்கிக்கொள்ளலாமே என்பார்கள். பாஸ்வேர்டு இல்லாவிட்டாலும், பழைய மாடல்கள் பலவற்றில் அப்படி இறக்கினால் பெயரும் குறிப்பும் இல்லாத மொட்டை எண்கள்தான் வரும். எஸ்7-1200 போன்ற புதியவற்றில் பெயர்கள் கூடவே வருகின்றன, நல்லது. ஆனால் சேலத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பவற்றில் பழையவையும் ஏராளம். எந்த எண் எந்த சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக மெஷினில் கையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூலியையும் முதலாளிதான் கொடுக்கிறார்.

மாவட்டத் தொழில் மையம் வழியாக மானியமும் வங்கிக் கடனும் வாங்கித்தான் பல சிறிய ஆலைகள் மெஷின் போடுகின்றன. பில், ஜி.எஸ்.டி., போட்டோ எல்லாம் கேட்கும் அதிகாரிகள், கூடவே ஐ.ஓ. லிஸ்ட், வயரிங் டிராயிங், குறிப்புகளோடு கூடிய புரோகிராம் நகல் ஆகியவை ஆலைக்காரர் கைக்கு வந்துவிட்டன என்று பேனல் செய்தவரிடம் ஒரு கையெழுத்தும் கேட்கலாம். அரசுக்கு இதில் ஒரு ரூபாய் செலவில்லை. எங்களைப் போன்ற பட்டறைகள் முதலில் முணுமுணுக்கும், அப்புறம் பழகிவிடும்.

இன்னொன்று படிப்பு சம்பந்தப்பட்டது. அரசு ஐ.டி.ஐ.களில் தொழில் 4.0 மையங்கள் (நவீன ஆட்டோமேஷன் பயிற்சி மையங்கள்) வந்திருக்கின்றன, பாலிடெக்னிக்குகளிலும் பி.எல்.சி. பாடம் இருக்கிறது. எங்களிடம் வேலை கேட்டு வரும் பிள்ளைகள் டிராஃபிக் சிக்னல் புரோகிராமைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். வேறொருவர் எழுதிய புரோகிராமைப் படிக்கச் சொன்னால் திணறுகிறார்கள். குறிப்பு இல்லாத ஒரு பழைய புரோகிராமையும், பாதி ஒயர் அறுந்த ஒரு பழைய பேனலையும் லேபில் வைத்து, இதில் எது காலி என்று கண்டுபிடி என்று ஒரு பரீட்சை வைக்கலாம். கழித்துப்போட்ட பேனல்கள் செவ்வாய்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் எடை போட்டுக் கிடைக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தொழில் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்கி, ஐ.ஓ. லிஸ்ட்டுக்கு ஒரு மாதிரிப் படிவம் வெளியிடுங்கள். சேனல் முகவரி, கார்டு, டெர்மினல், பெரூல் நம்பர், வெளியே இருக்கும் கருவி, அது இருக்கும் இடம், எத்தனை வோல்ட், எந்தக் காமன், ஸ்கிரீன் படிக்கிறதா, கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்தவர் பெயர். 'ஸ்பேர்' என்று ஒரே வார்த்தை எழுத இடம் கொடுக்காதீர்கள். காலி, எரிந்தது, பழைய ஒயர் கிடக்கிறது, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் என்று தனித்தனியாக டிக் செய்யும்படி இருக்கட்டும். படிவம் தமிழில் இருந்தால் போதும். இரவு ஷிப்டில் ஒயரை மாற்றுவது எலக்ட்ரீஷியன்தான். ஆங்கிலத்தில் அச்சடித்த பட்டியலில் பேனா வைக்க அவர்களில் பலர் தயங்குகிறார்கள்.

வாடிக்கையாளர்களை ஊகித்துவிடுவார்கள் என்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
பேனல் வயரிங் பட்டறை நடத்தும் ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.